இறுதிப் பிரதி

வேட்புமனு முடிந்து ஒன்பதாம் நாள்.
இரவு பத்தரை.
என்.சி. வீதி அச்சகத்தில்
ஒரே வாங்கில் இரண்டு கட்சி.
நடுவில் ஒரு ஹெல்மெற்,
இந்தப் பக்கம் ஏணிக்காரர் தவநேசன்,
அந்தப் பக்கம் குடைக்கார றெஜினோல்ட்.
என் முதுகுதான் அவர்களுக்குத் தெரியும்.
நான் கணினியில் எழுத்துக் கோர்ப்பவள்.

ஏணியின் கோப்பைத் தேடுகிறேன்.
‘சமஷ்டி இறுதி’.
அதற்குக் கீழே ‘சமஷ்டி இறுதி இரண்டு’.
அதற்கும் கீழே ‘சமஷ்டி உண்மையான இறுதி’.
தேர்தலுக்குத் தேர்தல் அதைத் திறந்து
திகதியை மட்டும் மாற்றிச் சேமிப்பேன்.
போன முறை வேட்பாளரின் மீசையும் மாறியது.

“மாவட்டத்துக்கே நாலு ஆசனம்.
நீங்கள் தனியக் கேட்டால் எங்கட ஆக்களுக்கு ஒண்டும் மிஞ்சாது.”
“அப்ப நீங்கள் விலகியிருக்கலாமே.”
“நாங்கள் எழுவது வருசமா இந்தக் கோரிக்கையை…”
“அதைத்தான் மாஸ்டர் நாங்களும் சொல்லுறம்.
எழுவது வருசம்.”

மாஸ்டர் என்னிடம் பேனை வாங்கினார்.
பழைய புரூஃப் தாளின் பின்பக்கத்தில்
மிச்ச வாக்குக் கணக்குப் போட்டார்:
ஆறாயிரம் இங்கே வந்தால் ஆசனம் இங்கே.
றெஜினோல்ட் அதே பேனையால்
அதே ஆறாயிரத்தை வட்டமிட்டு
மற்றப் பக்கம் இழுத்துக்கொண்டு போனான்.
அந்த ஆறாயிரம் பேரும் அந்நேரம்
பாலையூற்றிலும் சாம்பல்தீவிலும் கட்டைபறிச்சானிலும்
நித்திரையாய்க் கிடந்திருப்பார்கள்,
பாயோடு தூக்கி இடம் மாற்றப்படுவது தெரியாமல்.

பிறகு எண்ணெய்த் தாங்கி வந்தது.
குத்தகைக்கு விட முதல்
கொழும்பு எங்களிட்ட ஒரு சொல்லுக் கேட்டதோ
என்றார் மாஸ்டர்.
கேட்கிற இடத்தில் இருந்தபோது
நீங்கள் கை உயர்த்தினீர்களா,
வெளிநடப்புச் செய்தீர்களா, தேத்தண்ணி குடித்தீர்களா
என்றான் றெஜினோல்ட்.
நான்கு ஆண்டும் அமைச்சரோடு படம் எடுத்துவிட்டு
ஐந்தாம் ஆண்டு எதிர்க்கட்சி ஆகிற வித்தை
உங்களுக்கு மட்டுந்தான் தெரியும்.
மாஸ்டர் எழுந்தார், பிறகு
மூட்டு வலியில் திரும்பவும் இருந்தார்.

சந்தைப் பக்கம் கொடுக்க
சிங்களத்திலும் ஐந்நூறு வேண்டுமாம் ஏணிக்கு.
மொழிபெயர்ப்பைக் கையெழுத்தில் கொண்டுவந்திருந்தார்.
வரி வரியாய் ஒப்பிட்டேன்.
தமிழில் ஏழு இடத்தில் நிற்கிற சொல்
சிங்களத்தில் ஓரிடத்திலும் இல்லை.
“ஐயா, இதில அந்தச் சொல்…”
“சொல்லு முக்கியமில்லைத் தங்கச்சி.
உள்ளடக்கந்தான்.”
றெஜினோல்ட் சிரித்த சிரிப்பில்
ஹெல்மெற் உருண்டு விழுந்தது.
“உங்கட சிங்களப் பிரதி எங்கே, தம்பி?” என்று கேட்டேன்.
“நாங்கள் சிங்களத்தில அடிக்கிறேல்லை, அக்கா.
அது கொள்கை.”

கிண்ணியாவிலிருந்து வேலைக்கு வரும் நஸ்றுதீன்
உருளையைத் துடைத்தபடி
“அப்ப அவங்களுக்கு ஆரு சொல்ற?” என்றார்.
ஒருவரும் கேட்கவில்லை.
அல்லது, இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது.

வெளியே மான்கள் இறங்கியிருந்தன.
நீதிமன்ற மதிலில் பின்னேரம் ஒட்டியதை
உரித்துத் தின்றுகொண்டிருந்தன.
கோதுமைமாப் பசைக்கு அவ்வளவு ஆசை.
ஏணியில் பாதி போயிற்று,
குடையில் கைப்பிடி மட்டும் மிச்சம்.
“எங்கடையை ஆரோ கிழிக்கிறாங்கள் எண்டு
பொலிசில முறைப்பாடு குடுத்தனாங்கள்” என்றார் மாஸ்டர்.
“நாங்களும்” என்றான் றெஜினோல்ட்.

பதினொன்றரைக்கு இரண்டு கட்டும் தயார்.
இருவரும் காசைப் பிறகு தருவார்கள்.
றெஜினோல்டின் சைக்கிளில் பெற்றோல் இல்லை,
உப்புவெளி மட்டும் மாஸ்டரோடு போகலாம்,
ஆனால் ஹெல்மெற் ஒன்று.
அது யார் தலைக்கு என்று
வாசலில் இன்னும் பத்து நிமிடம் போயிற்று.

விளக்கை அணைக்க முதல்
அந்தப் புரூஃப் தாள் கண்ணில் பட்டது.
மூன்று வட்டத்துக்குள் ஆறாயிரம்.
அதில் இரண்டு
நானும் அம்மாவும்.
இவ்வளவு நேரமும் ஓர் எட்டு அடி தூரத்தில் இருந்தேன்.

நஸ்றுதீன் துணி கேட்டார்.
துணி முடிந்திருந்தது.
தாளை நாலாய் மடித்துக் கொடுத்தேன்.
பச்சை மை போய்விட்டது.
சிவப்புக்கு இன்னொன்று தேட வேண்டியிருந்தது.